மனசு புண்பட்டிருந்தால்

காலையிலேயே குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று ஸ்ரீனிவாசன் அழுது பழகிக்கொண்டிருந்தார்.

“அத்தான், என்ன மன்னிச்சிரணும்…” ஒரு தடவை கனத்த குரலில் சொல்லிப் பார்த்தார். சரிப்படவில்லை. காறித் துப்பினார். “அத்தான்… என்ன மன்னிச்சிரணும்…” இந்தத் தடவை பாதி வார்த்தையில் குரல் உடைந்தது. அது அவருக்கே பிடித்துவிட்டது போல. அதே இடத்தில் இன்னும் இரண்டு தடவை உடைத்துப் பார்த்தார். நடுநடுவே பல் தேய்க்கும் சத்தமும் கேட்டது.

அடுக்களையில் அவர் மனைவி அழகியநாயகி தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். இதைக் கேட்டுக்கொண்டே நின்றதில் தோசை கருகிப் போயிற்று. சீ, இப்படியும் ஒரு மனுஷன் உண்டுமா! பெற்ற தாய் செத்தபோது கண்ணில் ஒரு பொட்டு ஈரம் காட்டாத ஆள், இன்றைக்குக் காலை ஆறு மணிக்குக் கண்ணாடியைப் பார்த்து ஏங்கி ஏங்கி அழுகிறார். கருகின தோசையை அப்படியே எடுத்து அவர் தட்டில் போட்டாள். அவர் கவனிக்காமல் தின்றார்.

விஷயம் இதுதான். போன மாதம் நாகர்கோவிலில் ஒரு பெரிய மண்டபத்தில் மகள் ஹரிதாவுக்குக் கல்யாணம் நடந்தது. ஸ்ரீனிவாசன் ரோடு காண்ட்ராக்டர், நாலு இடத்தில் பேச்சு உள்ளவர், சமுதாயச் சங்கத்தின் தலைவர் தேர்தலுக்கு நிற்கிறவர். ஆகவே பந்தலும் பாட்டுக்கச்சேரியும் பட்டுச்சேலையுமாக அமளிதுமளிப்பட்டது. முகூர்த்தம் முடிந்து முதல் பந்தி. அழகியநாயகியின் அண்ணன் தாணு, கல்யாணப் பெண்ணின் தாய்மாமன், முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். தாழக்குடியில் வயலும் வாழையுமாகக் கிடக்கிற மனிதர். காலையில் பெண்ணின் கையைப் பிடித்து மணமேடைக்குக் கூட்டி வந்தவர் அவர்தான். அவருக்குத் தும்பு இலை போட்டிருந்தார்கள், நுனி அறுபடாத முழு இலை. கல்யாணப் பந்தியில் அது யாருக்கு விழுகிறது என்பதைப் பார்ப்பதற்கென்றே நாஞ்சில் நாட்டில் ஆள் உண்டு.

சோறு விழுந்தாயிற்று. பருப்பு விழுந்தாயிற்று. நெய்யும் விட்டாயிற்று. தாணு பப்படத்தை நொறுக்கிப் பிசைந்து முதல் உருண்டையை எடுக்கப் போகிறார். அப்போது ஸ்ரீனிவாசன் உள்ளே வந்தார், ஒரு கட்சியின் மாவட்டச் செயலாளரையும் அவருடைய கூட்டத்தையும் இழுத்துக்கொண்டு. வரிசையில் ஒரு இடம் குறைந்தது. ஸ்ரீனிவாசன் நாலாபக்கமும் பார்த்தார். எத்தனையோ பேர் இருந்தார்கள், அவருடைய கண்ணில் பட்டது தாணு.

“அத்தான், நம்ம ஆளுதானே நீங்க, ஒண்ணு எழும்பிக்கிடுங்கோ. அடுத்த பந்தில இருந்துக்கலாம்” என்று சொல்லி, தாணுவின் அக்குளுக்குள் கையைக் கொடுத்துத் தூக்கியே விட்டார்.

இலையில் சோறு விழுந்த பிறகு பகையாளியைக்கூட எழுப்பமாட்டார்கள். கடன்காரனை எழுப்பமாட்டார்கள். சாப்பிட்டு முடியட்டும், வெளியே வைத்துப் பேசிக்கொள்வோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். இங்கே தாய்மாமனை எழுப்பியாயிற்று. தாணு ஒரு தடவை சுற்றிலும் பார்த்தார். பிறகு பருப்பும் சோறும் ஒட்டின கையோடு குழாயடிக்குப் போய்க் கழுவினார், துண்டை உதறித் தோளில் போட்டார், வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போய்ப் பஸ் ஏறிவிட்டார். அவர் பிசைந்த சோற்றை இலையோடு சுருட்டி எடுத்துவிட்டு, அதே இடத்தில் புது இலை போட்டுச் செயலாளரை உட்காரவைத்தார்கள். செயலாளர் அவியலை மட்டும் நோண்டிவிட்டு, சர்க்கரை வியாதி என்று எழுந்து போனார்.

அழகியநாயகி அந்த நேரம் செயலாளருடைய மனைவிக்குச் சந்தனமும் கற்கண்டும் நீட்டிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டவர்களிடமெல்லாம், “நான் பாக்கவே இல்லையே, பாத்திருந்தா விடுவனா?” என்று சொன்னாள்.

ஆனால் எவனோ ஒருத்தன் செல்போனில் பார்த்திருந்தான். பார்த்ததோடு நிற்காமல் எடுத்துப் போட்டும் விட்டான். தாய்மாமனைச் சோற்றிலிருந்து எழுப்பிய சங்கத் தலைவர் வேட்பாளர்! துபாயில் இருக்கிறவன் பார்த்தான், சிங்கப்பூரில் இருக்கிறவன் பார்த்தான். தாழக்குடிப் பக்கத்து சொந்தக்காரர்கள் மொத்தமாக முகத்தைத் திருப்பினார்கள். அதுவரைக்கும் “சின்ன விஷயம், அவரு நம்ம ஆளுல்லா” என்று கையை வீசிக்கொண்டிருந்த ஸ்ரீனிவாசனுக்கு, ஓட்டு என்றதும் மனசாட்சி முழித்துக்கொண்டது.

முதல் மன்னிப்பு சங்கக் கட்டடத்தில், மைக்கில். அழகியநாயகியும் முன்வரிசையில் உட்காரவைக்கப்பட்டிருந்தாள். ஸ்ரீனிவாசன் வெள்ளை வேட்டியில், கைகூப்பி, தலையைச் சாய்த்து நின்று சொன்னார்: “அண்ணைக்கு நடந்த அந்தச் சம்பவத்துல, யாருக்காவது மனசு புண்பட்டிருந்தா, அதுக்கு நான் வருத்தம் தெரிவிச்சுக்கிடுகேன்.”

யாருக்காவதாம்! எழுப்பப்பட்ட மனுஷனுக்கு ஒரு பெயர் கிடையாதா? தாணு என்று சொன்னால் நாக்கு அழுகிவிடுமா? புண்பட்டிருந்தாலாம்! சம்பவமாம்! மழை பெய்தது, மரம் விழுந்தது என்பதுபோல அது தானாக நடந்ததாக்கும். இவர் கை யாருடைய அக்குளுக்குள்ளும் போகவில்லை. ஆனால் கூட்டம் கை தட்டியது. “பெரிய மனசு, சபையில நிண்ணு சொல்லணும்னா லேசா?” என்று ஒருத்தர் கண்ணைத் துடைத்தார். உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் தாராளமாக மன்னித்துவிட்டுக் காப்பியும் வடையும் சாப்பிட்டார்கள். தாணு அந்த நேரம் தாழக்குடியில் வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் அந்த வருத்தம் தெரிவிப்பதுகூடக் கிடையாது. கட்டிக்கொண்டு வந்து முப்பது வருடமாகிறது, ‘தப்பு என் மேலதான்’ என்ற சொல் அவர் வாயிலிருந்து அவளுக்கு நேராக வந்ததில்லை. அதற்குப் பதில் பூ வரும். கத்திக் கூப்பாடு போட்ட மறுநாள் தோவாளையிலிருந்து ஒரு முழம் பிச்சிப்பூ. ரசத்தில் உப்பு கூடிவிட்டது என்று தட்டோடு சுவரில் எறிந்த மறுநாள் இரண்டு முழம். ஹரிதா வயிற்றில் இருந்தபோது ஒரு தடவை பிடித்துத் தள்ளினதில் கதவு நிலையில் நெற்றி இடித்து வீங்கியது. அதற்கு ஒரு கூடை வந்தது. எதுவும் பேசமாட்டார், பொட்டலத்தை மேஜைமேல் வைத்துவிட்டு டிவி பார்க்கப் போவார். அவள் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டால் கணக்கு நேராகிவிட்டது என்று அர்த்தம். தெருப்பெண்கள், “ஒனக்குக் குடுத்துவச்சிருக்குக்கா, வயசான பொறவும் பூ வாங்கித் தாறாரே” என்பார்கள்.

சபையில் கேட்டது போதாது, தாணு வீட்டுக்கே போய்க் கேட்கவேண்டும் என்று தாழக்குடிக்காரர்கள் சொல்லியனுப்பினார்கள். அதைத்தான் ஸ்ரீனிவாசன் காலையிலிருந்து பழகிக்கொண்டிருந்தார். வீடியோ எடுக்க அனிஷ் என்று ஒருத்தனை ஏற்பாடு செய்திருந்தார், ஹரிதா கல்யாணத்துக்கு எடுத்தவன்தான். “எவனெல்லாம் அந்த வீடியோவைப் பாத்தானோ, அவனெல்லாம் இதையும் பாக்கணும்” என்றார். அதோடு அவருக்கு இன்னொரு யோசனையும் உதித்திருந்தது. கல்யாணத்துக்குச் சமைத்த அதே தவசிப்பிள்ளையை, சமையற்காரரை, பிடித்து அதே சாப்பாட்டைச் செய்யச் சொல்லிவிட்டார். பருப்பு, சாம்பார், அவியல், எரிசேரி, அடைப்பிரதமன் எல்லாம். “அண்ணைக்கு எழுப்பினவன் இண்ணைக்கு எனக்க கையால விளம்புகேன். ஒருத்தன் வாயத் தொறக்கமாட்டான் பாரு!”

அழகியநாயகிக்கு இதில் ஒரே ஒரு ஆசைதான். அண்ணன் வீட்டு நடை அவளுக்கு அடைபட்டுப் போகக் கூடாது. அம்மையும் அப்பாவும் போனபிறகு பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் உண்டு. கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு தடவை போன் பண்ணினாள். இரண்டு தடவையும் அண்ணன் மனைவி பகவதி மைனிதான் எடுத்து, “அவிய வயலுக்குப் போயிருக்காவ” என்று வைத்துவிட்டாள். எப்படியாவது, இவர் அண்ணன் காலில் விழுந்தாவது சரியாகட்டும் என்றுதான் காரில் ஏறச் சம்மதித்தாள்.

ஏறும்போதே டிக்கியில் தூக்குவாளிகளை ஏற்றுவதைப் பார்த்தாள். சோற்று வாளி, பருப்பு வாளி, மேலே ஒரு கட்டு இலை. பார்த்ததும் திடுக்கென்றது. அடுப்பெரிகிற வீட்டுக்கு யாராவது சோறு வைத்துக்கொண்டு போவார்களா? துட்டி வீட்டுக்கல்லவா அப்படிப் போகும்? சாவு விழுந்த வீட்டில் அடுப்புப் பற்றவைக்கமாட்டார்கள், சம்பந்தக்காரர்கள் சோறும் பருப்பும் கொண்டுபோய் விளம்புவார்கள். நல்லா இருக்கிற வீட்டு வாசலில் இப்படி வாளி இறங்குவது அச்சானியம் என்று இந்தப் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தாள். ஸ்ரீனிவாசன் போனில் யாரிடமோ சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். இப்போது சொன்னால் குதிப்பார், ‘ஒனக்கு எல்லாத்துலயும் ஒரு சாத்திரம்’ என்று டிரைவர் முன்னாலேயே கத்துவார். போகட்டும், சவம், என்னத்துக்கு வம்பு என்று வாயை மூடிக்கொண்டாள்.

தோவாளைச் சந்தையில் வண்டியை நிறுத்தி மாலை வாங்கினார். இளப்பமான மாலை ஆகாதாம், வீடியோவில் தெரியவேண்டுமாம். அரளியும் சம்பங்கியும் வைத்து ஆள் உயரத்துக்கு ஒன்று வாங்கி, அதற்கும் பேரம் பேசினார். திரும்பி வரும்போது கையில் ஒரு முழம் பிச்சி. “வச்சுக்கோ. கேமராவுல தல மொட்டையாத் தெரியும்.” அவள் வாங்கி வைத்துக்கொண்டாள்.

தாணு வீட்டு வாசலில் வண்டி நின்றது. பகவதி மைனி வெளியே வந்து, “வா அழகு, வாங்கோ” என்று பொதுவாகச் சொன்னாள். டிரைவர் டிக்கியைத் திறந்து வாளிகளை இறக்கி வாசலில் வரிசையாக வைத்ததும் அவள் முகம் செத்துப் போயிற்று. உள்ளே குக்கர் விசிலடித்தது. தாணு பின்பக்கமாக வந்தார், முழங்கால்வரை கழுவின ஈரம். வந்திருந்த மாலையையும், கேமராவையும், வாளிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தங்கச்சியை மட்டும் பார்க்கவில்லை.

ஸ்ரீனிவாசன் நேரத்தைக் கடத்தவில்லை. அனிஷ் தலையாட்டியதும் மாலையைத் தாணுவின் கழுத்தில் போட்டார், “அத்தான்… என்ன மன்னிச்சிரணும்…” என்றார். குரல், காலையில் உடைந்த அதே இடத்தில் கச்சிதமாக உடைந்தது. நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

தாணு பதறிப் போனார். என்ன இருந்தாலும் வீட்டு மாப்பிள்ளை. “ஏய், என்னது மாப்பிளே, எழும்பும், எழும்பும்” என்று குனிந்து தூக்கினார்.

“அண்ணே, ஒரு நிமிஷம்” என்றான் அனிஷ். “மாமாவுக்க மொகத்துல வெளிச்சம் விழல்ல. மாமா, செத்த இங்கன தள்ளி நில்லுங்க. அண்ணே, நீங்க இன்னொருக்க விழுங்க.”

ஸ்ரீனிவாசன் வேட்டியைத் தட்டினார், முடியைக் கோதிக்கொண்டார், இன்னொருக்க விழுந்தார். குரலும் இன்னொருக்க உடைந்தது.

“மாமா, தூக்குங்க” என்றான் அனிஷ்.

தாணு தூக்கவில்லை. மாலையைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். சிமெண்டுத் தரையில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு கிடந்த ஸ்ரீனிவாசன், என்ன ஆயிற்று என்று ஒரு கண்ணால் கேமராவைப் பார்த்தார். தொப்பை நசுங்கி மூச்சு முட்டியது. கடைசியில் தானாகவே கையை ஊன்றி, முனகிக்கொண்டு எழுந்தார். இந்த மனுஷனோடுதான் முப்பது வருடம் ஒரே பாயில் கிடந்தோம் என்று நினைத்தபோது அழகியநாயகிக்குத் தன் உடம்பே அருவருப்பாக இருந்தது.

ஆனாலும் ஸ்ரீனிவாசன் நிறுத்தவில்லை. “இருங்கோ அத்தான், இருங்கோ” என்று தாணுவைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். எழுப்பின அதே கைதான். தும்பு இலையைப் போட்டார், தண்ணீர் தெளித்தார், சோற்றைக் கோரி வைத்தார், பருப்பை ஊற்றினார், நெய்யை விட்டார். அனிஷ் முழங்கால் போட்டு உட்கார்ந்து இலையைக் கிட்டத்தில் எடுத்தான். “மாமா, நெய்யைச் சேத்துப் பெசஞ்சு ஒரு வாய் எடுங்க. எடுத்துட்டு லேசாச் சிரிங்க.”

அப்போதுதான் உள்கதவுக்குப் பக்கத்திலிருந்து பகவதி மைனியின் குரல் வந்தது. சத்தமே கூட்டவில்லை.

“துட்டி வீட்டுக்குல்லா இப்படி வாளியில சோறு கொண்டு வருவாவ. எங்க வீட்டுல யாரு செத்துட்டாவன்னு கொண்டு வந்தியோ?”

ஸ்ரீனிவாசனின் கையில் நெய்க்கரண்டி அப்படியே நின்றது. “ஐயோ, அக்கா, நான் அப்படி நெனைக்கவே இல்ல… யாருக்காவது சங்கடமாயிருந்தா…” என்று அந்தப் பழைய பாட்டு தானாக வாயிலிருந்து வந்தது.

தாணு இலையைத் தொடாமல் எழுந்தார். யாரும் எழுப்பவில்லை. “போதும் மாப்பிளே. மன்னிச்சாச்சு. ஓட்டும் ஒமக்குத்தான் போடுகேன், எங்க ஆளுகளுக்கும் சொல்லுகேன். படம் பிடிச்சாச்சுல்லா? போயிட்டு வாரும்” என்றார்.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் கூசிப் போயிருப்பார்கள். ஸ்ரீனிவாசன் முகம் மலர்ந்துவிட்டது. “அத்தானுக்க மனசு யாருக்கு வரும்!” என்று கும்பிட்டார். “அனிஷே, அந்த ஓட்டு விஷயத்த வெட்டிட்டு மன்னிச்சாச்சுன்னு சொன்னத மட்டும் வச்சுக்கோ” என்று படி இறங்கும்போதே சொன்னார். அடுத்த நிமிஷம் காருக்குள் உட்கார்ந்து போனில், “முடிஞ்சுடே, எல்லாம் சுபம்” என்று அவர் சொல்வது கேட்டது.

அழகியநாயகி போகவில்லை. அண்ணனும் அவளும் நடுவில் அந்த இலையுமாக இருந்தார்கள். சோற்றிலிருந்து இன்னும் ஆவி வந்தது.

“அண்ணே” என்றாள். “அந்த மனுஷன் அப்படித்தான். மானமும் கெடையாது, ஈனமும் கெடையாது. அவர நெனச்சு நீங்க எங்கிட்ட…”

“அவன விடு” என்றார் தாணு. “அவனுக்க மேல எனக்கு என்ன கோவம்? நீ கெட்டிட்டுப் போன அண்ணைக்கே அவன எனக்குத் தெரியும். எருமை வந்து வாழையில விழுந்தா எருமைகிட்டயா போயிச் சண்ட போடுவேன்?” துண்டால் முகத்தைத் துடைத்தார். “அண்ணைக்கு எழும்பும்பம் நான் சுத்திப் பாத்தேன் கேட்டியா? யாரத் தேடிப் பாத்தேன்? ஒன்னத்தான் பாத்தேன். நீ என்னப் பாத்தே. கண்ணுக்கு நேரே பாத்தே. பாத்துட்டு, அந்தப் பொம்பளைக்கு நீட்டின சந்தனக் கிண்ணத்துக்குள்ள தலையக் குனிஞ்சுக்கிட்டே.”

அழகியநாயகி இலையைப் பார்த்துத் தலையைக் குனிந்தாள்.

“ஒரு வார்த்த. ‘அண்ணே இருங்கோ’ன்னு அங்கன நிண்ணு ஒரு சத்தம் குடுத்திருந்தேன்னா அவன் எழுப்பியிருப்பானா? இண்ணைக்கும் இந்தச் சோத்த வண்டியில ஏத்தும்பம் நீ பாத்துக்கிட்டுத்தானே நிண்ணே? ஒனக்கா தெரியாது? நம்ம அம்மை செத்தண்ணைக்கு ஒனக்க வீட்டுலருந்துதானே சோறு வந்து.”

அவள் வாயைத் திறந்தாள். எத்தனையோ வருஷமாக அவர் வாயிலிருந்து வரவேண்டும் என்று காத்துக்கிடந்த சொல். இப்போது அவள் சொல்லவேண்டிய முறை. இவ்வளவு கனமா இது? எச்சிலை விழுங்கிக்கொண்டு சொன்னாள்:

“அண்ணே, அதுல ஒங்களுக்கு மனசு புண்பட்டிருந்தா…”

சொல்லி முடிக்கும் முன்னால் அவள் காதிலேயே அது விழுந்துவிட்டது. சங்கக் கட்டடத்து மைக்கில் கேட்ட அதே சொல். அதே ‘இருந்தா’. அவர் வாய் நாற்றம் அவள் வாய்க்குள்ளிருந்து வந்தது போலிருந்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தாணு சிரித்தார். சந்தோஷச் சிரிப்பு அல்ல. “நல்லாத்தான் படிச்சுக் குடுத்திருக்கான்” என்றார்.

வெளியே கார் ஹாரன் அடித்தது. அவள் பொத்தின கையை எடுத்தாள்.

“பாத்தேன் அண்ணே” என்றாள். “ஒங்கள எழுப்புனத நான் பாத்தேன். அந்தப் பொம்பளைக்கு முன்னால வாயத் தொறக்க எனக்கு வெக்கமா இருந்து. வயக்காட்டுலருந்து வந்த அண்ணனுக்காவ அங்கன போயி எதுக்குப் பேசணும்னு இருந்து. அதுதான் நெஜம். பாக்கல்லன்னு ஊரு முழுக்கப் பொய் சொன்னேன். இந்தச் சோறும் எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் வாயப் பொத்திக்கிட்டு வந்தேன். தப்பு எனக்க மேலதான்.”

பகவதி மைனி உள்ளே போய் அடுப்பை அணைத்தாள்.

“இத நீ அண்ணைக்குச் சாயங்காலமே ஒரு பஸ்ஸப் பிடிச்சு வந்து சொல்லியிருந்தேன்னா, நான் அழுதிருப்பேன் மக்கா” என்றார் தாணு. “ஒனக்காவத் தெருவுல நிண்ணு பாத்துக்கிட்டே இருந்தேன். இப்ப எனக்கு ஒண்ணும் வரல்ல. கல்லு மாதிரி இருக்கு. பொய்யா மன்னிச்சேன்னு சொல்லணும்னா அவங்கிட்டச் சொன்ன மாதிரி ஒங்கிட்டயும் சொல்லலாம். சொல்லட்டா?”

“வேண்டாம் அண்ணே.”

“அப்ப போ. கார் நிக்கு.” நடைவரைக்கும் வந்தார். பிறகு அவளைப் பார்க்காமல், தெருவைப் பார்த்துச் சொன்னார்: “இனி வந்தா பஸ்ஸுல வா. வெறுங்கையோட வா.”

அழகியநாயகி படி இறங்கினாள். டிரைவர் கதவைத் திறந்து பிடித்தான். அவள் காரைத் தாண்டி நடந்தாள், பஸ் நிறுத்தத்தைப் பார்த்து. நடக்கும்போதே கொண்டையிலிருந்து பிச்சியைப் பிடுங்கி ஓடையில் எறிந்தாள். கார் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. கண்ணாடி இறங்கியது.

“ஏட்டி, என்ன வெளையாட்டு? ஏறு.”

அவள் நிறுத்தத்தில் போய் நின்றாள். டீக்கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தாழக்குடி ஆட்கள், அத்தனை பேரும் ஓட்டு உள்ளவர்கள். ஸ்ரீனிவாசனுக்கு வியர்த்தது. காரை விட்டு இறங்கி வந்தார். முகத்தில் ஒரு சிரிப்பைப் பூசிக்கொண்டு, டீக்கடைக்கும் கேட்கிற மாதிரி, “சரி, தப்பு எனக்க மேலதான் அழகு. நீ என்ன மன்னிச்சிரு. போதுமா?” என்றார். குரலை லேசாக உடைத்தும் விட்டார். பின்சீட்டு ஜன்னலில் அனிஷின் கேமரா நீண்டிருந்தது.

முப்பது வருடம் கழித்து அந்தச் சொல் வந்துவிட்டது. நெற்றி வீங்கிக் கிடந்த அன்றைக்கு வரவில்லை, சுவரிலிருந்து ரசத்தைத் துடைத்த அன்றைக்கு வரவில்லை. நாலு பேர் டீ குடித்துக்கொண்டு பார்க்கிறார்கள் என்றதும் வந்துவிட்டது. அவள் காறி ரோட்டோரத்தில் துப்பினாள். கடைக்காரர் கூட வாயைப் பிளந்துவிட்டார்.

“எனக்க அண்ணங்கிட்ட நான் நெஜமாட்டே கேட்டேன்” என்றாள். “எனக்கே கெடைக்கல்ல. ஒங்களுக்கு எங்கேருந்து கெடைக்கும்?”

நாகர்கோவில் பஸ் வந்தது. அவள் ஏறிப் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாளைக்குத் தாழக்குடிக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கண்டக்டரிடம் கேட்டாள்.